விற்பனை மடல்

பொருளை விற்பவன் தன் வாயாலேயே விற்ற காலம் ஒன்று இருந்தது. தெருவிலே கூவினான், சந்தையிலே கைநீட்டி அழைத்தான். வாங்குவோன் எதிரே நின்றமையால், அவன் முகம் சுளித்தால் விலையைக் குறைத்தான். விலகி நடந்தால் அடுத்தவனை அழைத்தான். இன்றோ விற்பவன் ஓரிடத்தும் வாங்குவோன் வேறோரிடத்துமாக இருக்கின்றனர். இடையே நிற்பது ஒரு மடல். அதுவும் தாளில் எழுதிய மடல் அன்று. நொடிப்பொழுதில் ஆயிரம் வீடுகளுக்குச் சென்று சேரும் மின்னஞ்சல். சென்று சேர்வது எளிதாயிற்று. ஆனால் அது படிக்கப்பெறுவதும், படித்தவர் ஒரு செயலைச் செய்வதும் எளிதாயினவா? இல்லை என்பதை இந்த மைசூரிலே, ஓர் ஊதுவத்திப் பட்டறையிலே நான் கற்றுக்கொண்டேன். வணிகவியல் பயிலும் எனக்கு வகுப்பறையில் கிடைக்காத பாடம் அது. கற்பித்தவர்களுள் பாதிப்பேர் பள்ளிக்கூடத்து வாயிலையும் மிதியாதவர்கள்.

மைசூர் ஊதுவத்தியின் பெருமையை இவ்வூரில் பயிலும் நண்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. பெரிய நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்புகின்றன. அவற்றின் நிழலில் சிறு பட்டறைகளும் பல உண்டு. அத்தகைய பட்டறை ஒன்றை நடத்தும் அம்மையார், மூன்று தலைமுறைக்குமுன் இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர். அவரிடம் பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கரித்தூளும் பட்டைப்பொடியும் கலந்து பிசைந்த மாவை மூங்கிற்குச்சியில் உருட்டி, உலர்த்தி, மணநெய்யில் தோய்த்துக் கட்டுவது அவர்கள் தொழில். ஆயிரம் வத்திக்கு இவ்வளவு என்பது கூலி. வத்தி விற்றால் வேலை உண்டு, விற்காவிட்டால் இல்லை.

2024ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அம்மையார் என்னை அழைத்து, “தம்பி, நீ தமிழ் மன்றத்திலே எழுதுகிறவன். தசராவுக்கு நம் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் மின்னஞ்சலிலே ஒரு கடிதம் எழுதிக் கொடு” என்றார். எழுதத் தெரியும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் இளைஞனுக்குத் தலை நிற்குமா? இரண்டிரவு விழித்து எழுதினேன். சாமுண்டி மலையிலே தொடங்கினேன். திப்பு சுல்தான் சந்தன மரத்தை அரச மரமாக அறிவித்த வரலாற்றைச் சொன்னேன். அம்பாரி யானையைப் பாடினேன். ஏழு பத்திகள்! “மைசூரின் மணம் உங்கள் இல்லம் தேடி வருகின்றது!” என்று தலைப்பிட்டேன். அடியிலே பட்டறையின் வலைமனை, முகநூல், பொருட்பட்டியல், அம்மையாரின் வாழ்க்கைக் குறிப்பு என ஆறேழு இணைப்புகளை வரிசையாகக் கோத்தேன். அதுவும் போதாதென்று, தெரிந்தவர் ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து தந்த இரண்டாயிரம் முகவரிகளையும் சேர்த்துக்கொண்டேன். பெருங்கூட்டத்துக்குச் சொன்னால் பெருவிற்பனை நடக்கும் என்பது என் கணக்கு.

நான்கு ஆணைகள் வந்தன. ஐந்தாவதாக ஒரு மறுமொழி வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியிருந்தார்: “மடல் நன்று. விலை என்ன?”

ஆம், ஏழு பத்திகளில் விலையை நான் எழுதவேயில்லை! பெட்டியில் எத்தனை வத்தி என்பதும் இல்லை; எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பதும் இல்லை. நவராத்திரி கழிந்தது. அதனை நம்பி உருட்டிக் கட்டிய பெட்டிகளில் 300 அடுக்கிலேயே தங்கிவிட்டன. பதினைந்து நாள் பட்டறையில் உருட்டும் பலகை எடுக்கப்படவில்லை. அம்மையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே பெருந்தண்டனையாயிற்று.

இனி, அதன்பின் நான் தேடியும் கேட்டும் கற்றவற்றைச் சொல்கிறேன்.

மின்னஞ்சலை ஒருவர் எங்கே படிக்கிறார்? பெரும்பாலும் கைப்பேசியிலே, பேருந்துக்குக் காத்து நிற்கும்போதோ, அடுப்பில் பால் வைத்துவிட்டோ. அவர் கண்ணில் முதலிற்படுவன இரண்டு: யார் அனுப்பினார் என்பதும், மடலின் தலைப்பும். அனுப்பியவர் பெயர் தமக்குத் தெரிந்த பெயரா என்று பார்க்கிறார். நான் பட்டறையின் பெயரை விட்டு என் பெயரில் அனுப்பியிருந்தேன்! என்னை யாருக்குத் தெரியும்? அடுத்துத் தலைப்பு. கைப்பேசித் திரையில் ஒரு சிறு வரியே தெரியும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளினும் அகலமானவையாதலின் இன்னும் குறைவாகத் தெரியும். என் தலைப்பில் “மைசூரின் மணம் உங்கள்” என்பதோடு திரை முடிந்துவிட்டது. மணம் என்ன ஆயிற்றென்று அறிய எவர் விரலை அசைப்பார்? “கார்த்திகைக்கு ஊதுவத்தி, ரூ. 480” என்றிருந்தால் வேண்டுவோர் திறப்பர், வேண்டாதோர் திறவார். இருவர்க்கும் நன்மையே.

திறந்தபின் என்ன? படிப்பவர் மனத்திலே சில வினாக்கள் எழுகின்றன. இது எனக்கு ஏன் வந்தது? என்ன பொருள்? என்ன விலை? எப்போது கிடைக்கும்? நான் இப்போது என்ன செய்யவேண்டும்? இவ்வினாக்களுக்கு அவர் தேடாமலே விடை கிடைக்கவேண்டும். இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. அதற்கு விடை ஒன்றாகவே இருக்கவேண்டும். நான் ஏழு இணைப்புகளை வைத்தபோது ஏழு வாயில்களைத் திறந்துவைத்தேன் என்று எண்ணினேன். வழிப்போக்கனை ஏழு சாலைகள் கூடும் இடத்தில் நிறுத்திவிட்டதே உண்மை. அவன் எந்தச் சாலையிலும் போகாமல் திரும்பிவிட்டான்.

அந்த ஒரு செயலைக் குறிக்கும் சொல்லையும் எண்ணி எழுதவேண்டும். “இங்கே சொடுக்குக” என்று பலரும் எழுதுகின்றனர். சொடுக்கினால் என்ன நிகழும்? பணம் போய்விடுமா? படிவம் வருமா? அச்சம் உள்ளவர் விரலை எடுத்துக்கொள்வார். “ஒரு பெட்டி அனுப்புங்கள்” என்று பொத்தானில் எழுதினால், அழுத்துவோர் தாம் சொல்லும் சொல்லையே அங்குக் காண்கிறார்.

இங்கே சற்று விலகிச் செல்ல இடம் தருக. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் தலைமை அலுவலகம் 1966இல் உதகையிலிருந்து நம் மைசூருக்கு வந்தது. அங்கே கல்வெட்டுப் படிகளைப் பார்த்துப் பழகிய நண்பர் ஒருவரிடம் என் துன்பத்தைச் சொன்னேன். அவர் சிரித்து, “உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்துப் பார், செயலைச் செய்விக்கும் எழுத்து எப்படியிருக்கும் என்று தெரியும்” என்றார். முதற் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டளவில் வெட்டப்பெற்ற அக்கல்வெட்டு, ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்வதெப்படி என்று கூறுகிறது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டியிருப்பவன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவையுடையவன், இன்னின்ன குற்றமுடையவன் ஆகான் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக்கொண்டு எடுப்பிக்கும் முறையையும் படிப்படியாகக் காட்டுகிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் படிக்கிற நாமும் அதனைக் கொண்டு ஒரு தேர்தல் நடத்திவிடலாம். என் மடலைக் கொண்டு ஓர் ஊதுவத்தி வாங்க முடியவில்லை!

அடுத்து நம்பிக்கை. முன்பணம் கொடுத்துவிட்டுப் பொருள் வருமா என்று ஏங்குவது இன்று நேற்று வந்த அச்சமன்று. 1877ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பொருளை அஞ்சற்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போது பணம் தந்தால் போதும்; அது விற்றவருக்குப் போய்ச் சேரும். அம்முறையே பட்டினங்களில் அச்சான நூல்களையும் கடிகாரங்களையும் மருந்துகளையும் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது. பழைய தமிழ் இதழ்களின் விளம்பரங்களில் “வி.பி.பி.யில் அனுப்பப்படும்” என்னும் தொடர் எத்தனை முறை வருகிறது பாருங்கள். விளம்பரத்தின் அழகு செய்யாததை அந்தச் சிறு தொடர் செய்தது. இன்று அதனையே “பொருளைப் பெற்றபின் பணம்” என்கிறோம். படிப்பவரின் அச்சம் எது என்று கண்டு அதனை நீக்கும் ஒரு வரி, புகழ்ந்துரைக்கும் ஒரு பத்தியினும் வலியது.

நம்பிக்கையைக் கெடுக்கும் வழிகளும் உண்டு. “இன்றே கடைசி நாள்”, “இன்னும் இரண்டே பெட்டிகள்” என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. நம் நாட்டு நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வாங்குவோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பெயர்சொல்லித் தடுத்திருக்கிறது. பொய்யவசரம் அப்பட்டியலில் உள்ளது. மறுப்பவரை நாணச் செய்வதும் உள்ளது: “வேண்டாம், என் வீட்டில் நறுமணம் தேவையில்லை” என்று பொத்தானில் எழுதி அதனையே அழுத்தவைக்கும் இழிந்த வேலை. நான் அம்மையாரிடம், “அம்மா, 40 பெட்டிதான் மீதி என்று எழுதலாமா?” என்று கேட்டேன். “முந்நூறு கிடக்கிறதே, கண் தெரியவில்லையா?” என்றார் அவர். சட்டத்தை அவர் படித்ததில்லை.

உண்மையான அவசரம் இருந்தால் அதனைக் காரணத்தோடு சொல்லலாம். அஞ்சலில் பெட்டி போய்ச்சேர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். ஆதலின் இன்ன நாளுக்குள் சொன்னால்தான் திருநாளுக்கு முன் கிடைக்கும் என்பது மெய். காரணம் தெரிந்த கெடுவை மக்கள் மதிக்கின்றனர்.

இப்போது என் பெரும்பிழைக்கு வருகிறேன்: அந்த இரண்டாயிரம் முகவரிகள். கேளாதவர்க்கு விற்பனை மடல் அனுப்பும் வழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் டெக் என்னும் கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனையாளர் காரி துர்க், தம் புதிய கணிப்பொறியைக் காண வருமாறு அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். எல்லாம் பெரிய எழுத்து; முகவரிப் பட்டியலில் ஒரு பகுதி மடலின் உள்ளேயே வழிந்து கிடந்தது. வலையை நடத்தியோர் அவரைக் கண்டித்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட டாலர் விற்பனை அதனால் கிடைத்தது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். உண்மையாகவே இருக்கலாம். அன்று மடல் வருவதே புதுமை. இன்று அதே வழியில் செல்வோர்க்கு நேர்வது வேறு.

நேர்வது யாதென்று விளக்குகிறேன். மின்னஞ்சல் நிலையங்கள் ஒவ்வொரு அனுப்புநருக்கும் ஒரு நன்மதிப்பைக் கணித்து வைத்திருக்கின்றன. பெற்றவர்கள் திறக்காமலே அழித்தாலும், “இது குப்பை” என்று முறையிட்டாலும் அம்மதிப்புக் குறையும். குறைந்தால், அடுத்த மடல்கள் குப்பைக்கூடையில் விழும்; பழைய வாடிக்கையாளர்க்குச் செல்வனவும் உடன் விழும். ஆகவே அந்நியர் இரண்டாயிரவரை நான் தொந்தரவு செய்ததனால், நம்மை விரும்பிய எண்ணூறு பேரையும் இழந்தேன். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இதனை வெளிப்படையான விதியாகவே ஆக்கின. அனுப்பும் மடல் தன் பெயருக்குரிய முகவரியிலிருந்தே வருகிறது என்று மெய்ப்பிக்கும் முத்திரை வேண்டும். அரசர் திருமுகத்தில் அரக்கு முத்திரை இருந்ததுபோல. முறையீடு ஆயிரம் மடலுக்கு மூன்றை எட்டலாகாது. ஒரு நாளில் 5000 மடல்களுக்குமேல் அனுப்புவோர், ஒரே அழுத்தில் விலகிக்கொள்ளும் வசதியும் தரவேண்டும். நம் பட்டறை அத்தனை பெரிதன்று. ஆயினும் விலகும் வழியைத் தெளிவாக வைப்பதே நல்லது. வாயிலைப் பூட்டினால் விருந்தினர் தங்கிவிடுவாரா? கூச்சலிடுவார்.

எத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்று காட்டும் எண்ணையும் பெரிதும் நம்பலாகாது. மடலில் மறைத்துவைத்த ஒரு நுண்படம் இறக்கப்பட்டதா என்று பார்த்தே அவ்வெண்ணைக் கணக்கிடுகின்றனர். 2021இல் ஆப்பிள் நிறுவனம், பயனரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு, அவர் திறந்தாலும் திறவாவிட்டாலும் படங்களை முன்னரே இறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் அவ்வெண் பாதி மாயை. வந்த ஆணைகளை எண்ணுவதே நேர்வழி. படம் என்றதும் நினைவுக்கு வருகிறது: மடல் முழுவதையும் ஒரே வண்ணப்படமாக்கி அனுப்புவோர் இருக்கின்றனர். படம் இறங்காவிட்டால் வெற்றுக் கட்டமே தெரியும். பார்வையற்றோர்க்கு உதவும் கருவியும் அதனைப் படித்துக்காட்ட இயலாது.

கார்த்திகைக்கு மீண்டும் எழுத அம்மையார் இசைந்தார். எனக்கே வியப்பு. இம்முறை நான் எழுதியதை முதலில் அனுப்பவில்லை. உருட்டும் பெண்கள் நடுவே அமர்ந்து உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும், “இது உங்களுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். ஒருத்தி, “பெட்டி வேணும்னு அமுக்குவேன். பணம் எப்பக் கொடுக்கணும்?” என்றாள். அவ்வரி விடுபட்டிருந்தது, சேர்த்தேன். மற்றொரு மூதாட்டி, “நொறுங்கி வந்தா யாரைக் கேக்கிறது?” என்றார். அதனையும் சேர்த்தேன். “மைசூர்னு ஒரு வார்த்தை போடு, தம்பி” என்றார் மூன்றாமவர். சாமுண்டி மலைக்கும் அம்பாரிக்கும் பதிலாக அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. இறுதியில் மடல் இவ்வாறு அமைந்தது:

“தலைப்பு: கார்த்திகைக்கு ஊதுவத்தி, ரூ. 480.

அன்புடையீர், முன்பு எங்களிடம் ஊதுவத்தி வாங்கினீர்கள். ஆகவே இதனை எழுதுகிறோம். நவராத்திரிக்கென்று எங்கள் மைசூர்ப் பட்டறையில் உருட்டியவற்றில் 300 பெட்டிகள் எஞ்சியுள்ளன. ஒரு பெட்டியில் ஆறு மணங்களில் 12 பொட்டலங்கள். விலை ரூ. 480, அனுப்பும் செலவும் இதில் அடங்கும். பெட்டி கைக்கு வந்தபின் பணம் தந்தால் போதும். நொறுங்கியிருந்தால் வேறு அனுப்புவோம். கார்த்திகைத் தீபம் டிசம்பர் 13. அஞ்சலில் பத்து நாள் வரை ஆகும்; ஆகவே டிசம்பர் 3க்குள் சொல்லுங்கள்.

ஒரு பெட்டி அனுப்புங்கள்.

இத்தகைய மடல் இனி வேண்டாமெனில் இங்கே தெரிவியுங்கள், எழுதமாட்டோம்.”

இறுதி இரண்டு மட்டுமே அழுத்தும் இடங்கள்; அவற்றிலும் முன்னது பொத்தான், பின்னது சிறிய எழுத்து. எஞ்சியவை என்று ஒப்புக்கொள்ளலாமா என நான் தயங்கினேன். “நவராத்திரிக்கு உருட்டியதைக் கார்த்திகைக்கு உருட்டியதென்றா சொல்வாய்?” என்றார் அம்மையார். வகுப்புத் தோழர் ஒருவர் அதனைக் கன்னடத்தில் எழுதித் தந்தார். மொழிபெயர்த்தார் என்று சொல்லமாட்டேன். தம் பாட்டிக்கு எழுதுவதுபோல் தாமே எழுதினார். கன்னட வாடிக்கையாளர்க்கு அதுவும், தமிழர்க்கு இதுவும் போயின. வாங்கிவந்த பட்டியலை முன்பே அழித்துவிட்டிருந்தேன்.

பட்டறை முழுவதும் விற்றுத் தீர்ந்தது என்று எழுதக் கை துடிக்கிறது, ஆனால் தீரவில்லை. அறுபதுக்குச் சற்று மேற்பட்டோர் கேட்டனர். சிலர் இரண்டிரண்டு பெட்டி கேட்டனர். இருபதின்மர் அளவில் மடல் வேண்டாமென்று விலகினர். முதல் சில நாள் அவ்விலகல்கள் எனக்கு வருத்தம் தந்தன. பிறகு பொங்கலுக்கு எழுதியபோது, முன்னினும் குறைந்த பேருக்கு எழுதி முன்னினும் மிகுந்த ஆணைகள் பெற்றோம். கோயம்புத்தூர் ஆசிரியர் இரு முறையும் வாங்கினார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் உருட்டும் பலகைகள் மீண்டும் கீழிறங்கின.

இப்போது வரும் நவராத்திரிக்கு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூங்கிற்குச்சியும் மணநெய்யும் விலை ஏறிவிட்டன, பெட்டி ரூ. 520 ஆகிறது. இச்செய்தியை எங்கே வைப்பது என்று எனக்குப் பெருங்குழப்பம். நடுவில் எங்காவது மெல்ல நுழைத்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மையார் தாளை வாங்கிப் படித்து, விரலால் முதல் வரியைத் தொட்டு, “இங்கே எழுது” என்றார்.